முகம் பாத்துச் சொன்னா

"எந்திரிக்காத பஞ்சக்கா!"

சொர்ணலட்சுமி சொல்லி வாய மூடல. எந்திரிச்ச பஞ்சம்மாள் கண்ணு சொருகி, பின்னி வச்ச சரவெடி மேலயே பொத்துனு விழுந்துட்டா!

அச்சங்குளம் பட்டாசு ஷெட்டு மொத்தமும் பதறி ஒதுங்குச்சு. எதுவும் வெடிக்கல, அது சாமி புண்ணியம்.

இந்த வாரம் விழுந்தது இவ மட்டுமில்ல. ஆனா ஒவ்வொருத்தி விழுகுறதுக்கு முன்னாடியும் எந்திரிக்காதன்னு சொன்னது இந்தச் சொர்ணலட்சுமிதான். காரியாபட்டியில புருசனப் பறிகொடுத்துட்டு, இப்பத்தான் இங்கன வேலைக்கு வந்தவ.

கூடச் சரம் பின்னுற அழகுமீனாவுக்குப் புல்லரிச்சுப் போச்சு.

"ஏட்டி, விழுவான்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"மொகத்தப் பாத்தா தெரியுதுக்கா. எங்க வீட்டுக்காரருக்கும் கடைசியில இதே மொகந்தான்."

அம்புட்டு வெயில்லயும் முதுகுல சில்லுனு ஏறுச்சு. சொர்ணலட்சுமி மெதுவாத் திரும்பி, பக்கத்துல இருந்தவளப் பாத்தா. அவ அலறிக்கிட்டு முந்தானையால மூஞ்சிய மூடிக்கிட்டா!

"போர்மேன் அண்ணாச்சி! ஒண்ணு இவ இருக்கணும், இல்ல நாங்க இருக்கணும்!" அழகுமீனா கத்துனா.

போர்மேன் ஜெயபாண்டிக்கும் உள்ளூர உதறல்தான். "நாளையில இருந்து வராதம்மா."

"அண்ணாச்சி, இந்த வேலைய விட்டா எம்புள்ளைக்குக் கஞ்சிக்கு வழியில்ல..."

யாரும் காதுல வாங்கல. தூக்குவாளிய எடுத்துக்கிட்டு, தலையக் குனிஞ்சு போயிட்டா.

பஞ்சம்மாளை ஆட்டோவுல ஏத்தி, சாத்தூர்ல ஒரு கிளினிக்குக்குக் கொண்டு போனது அழகுமீனாதான்.

நர்சம்மா நாக்க நீட்டச் சொல்லிப் பாத்தாக. "கெண்டைக்கால் இழுக்குதா? என்ன மாத்திரை போடுறீக?"

பஞ்சம்மாள் இடுப்புல இருந்து ஒரு துண்டு மாத்திரை அட்டைய உருவி நீட்டுனா. எந்திரிக்காதன்னு ஒருத்தி மொகத்தப் பாத்தே முன்கூட்டிச் சொன்னதையும் சொன்னா.

"அடக் கடவுளே, நீர் மாத்திரை! ஒடம்புத் தண்ணியையும் உப்பையும் வெளிய தள்ளிரும்மா. வெக்கையில தண்ணி குடிக்காம இருந்துட்டு, சட்டுனு எந்திரிச்சா தல கிறுகிறுக்காதா? வீட்டுல ஒருத்தர் இப்படி அவதிப்பட்டதப் பாத்தவகன்னா, மொகம் வெளிறுறப்பவே கண்டுபிடிச்சிருவாகளே!"

அழகுமீனா நைசா கதவுப் பக்கம் நகந்தா.

"எந்த டாக்டர் எழுதிக் குடுத்தாரு?"

"டாக்டர் எங்கம்மா குடுத்தாரு!" பஞ்சம்மாள் பெருமையாச் சிரிச்சா. "நாள் பூரா சம்மணம் போட்டு எங்களுக்கெல்லாம் கால் வீங்குதுன்னு, பிரஷருக்கு வாங்குன தன்னோட மாத்திரைய ஷெட்டு பூராவும் பங்கு வச்சது, இந்தா நிக்கிறாளே, எங்க அழகுமீனா!"