கண்ணை மூடிக் கேட்கும் நாடு

"வர்றவரோட நாட்டைப் பத்திக் கரைச்சுக் குடிச்சிருக்கேன். விசிட்டிங் கார்டை ரெண்டு கையாலயும் குடுக்கணும். முதல்ல குடும்பத்தை விசாரிக்கணும், அப்புறம்தான் வியாபாரம். யாராவது சொதப்பினீங்க, அவ்வளவுதான், வேலை காலி!"

எங்கள் நாற்காலிக் கம்பெனி முதலாளி ஒரு வாரமாக இப்படி எங்கள் உயிரை வாங்கியதெல்லாம் வீண். மத்தியானம் நடந்த மீட்டிங்கில் டிசைனர் அண்ணன் தூங்கிவிட்டார். அதுவும் ஆர்டர் கொடுக்க வந்திருந்த வெளிநாட்டு விருந்தாளிக்கு நேர் எதிரே, வாயை லேசாகத் திறந்துகொண்டு!

பாவம், குழந்தைக்குக் காய்ச்சல். ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் கண் விழித்தவர். காலையில் லீவு கேட்டதற்கு, "இன்னிக்கு வராதவன் நாளைக்கும் வர வேண்டாம்" என்று முதலாளி சொல்லிவிட்டார்.

இப்போது முதலாளியின் முகம் சிவந்துவிட்டது.

"யோவ், எழுந்திரு! இப்பவே கணக்கை முடிச்சுக்கிட்டு..."

விருந்தாளி கையைத் தூக்கித் தடுத்தார். அவர் மெல்லச் சொன்னதை நான்தான் தமிழில் எடுத்துச் சொன்னேன்.

"தயவுசெஞ்சு எழுப்பாதீங்க. எங்க நாட்டுல முக்கியமான பேச்சைக் கண்ணை மூடித்தான் கேட்போம். பரவாயில்லையே, இவர் தெரிஞ்சு வச்சிருக்காரே!"

சொன்னவர் தானும் கண்ணை மூடிக்கொண்டார்.

முதலாளி ஒரு கணம் முழித்தார். "ஆமா, ஆமா! நான்கூடப் படிச்சேனே, உங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன்" என்று எங்களிடம் சொல்லிவிட்டு அவசரமாக அவரும் கண்ணை மூடினார். முதலாளியே மூடிய பிறகு நாங்கள் எம்மாத்திரம்?

நானும் கண்ணை மூடியபடியே மரத்தைப் பற்றி, மெருகைப் பற்றி, சாய்மானத்தின் வளைவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனேன். வெளியே தூறல். ஜன்னல் திரை அசைந்தது. என் குரலே யாரோ தூரத்தில் பேசுவது போலக் கேட்டது. நாற்காலிகளோடு நாங்கள் எல்லோரும் எங்கோ மிதந்து போகிற மாதிரி இருந்தது. அப்பாடா, என்ன சுகம்! நடுவில் ஒரு குறட்டை கேட்டது. சத்தியமாக அது அண்ணனுடையது இல்லை.

சாயங்காலம் ஆர்டர் கிடைத்துவிட்டது. அண்ணனுக்கு முதலாளி வாயாலேயே பாராட்டு வேறு!

ஏர்போர்ட்டுக்குப் போகும்போது காரில் கேட்டேன்.

"உங்க நாட்டுல நிஜமாவே மீட்டிங்ல கண்ணை மூடிப்பீங்களா சார்?"

அவர் சிரித்தார்.

"மூடினா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. என் முதல் வேலை அப்படித்தான் போச்சு."

ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்தபடி சொன்னார்.

"அன்னிக்கு அந்த ரூம்ல அத்தனை பேர் இருந்தாங்க. ஒருத்தராவது எனக்காக ஒரு பொய் சொல்லக் கூடாதான்னு இருந்துச்சு."