மணி அடிக்காத வீடு

"இன்னைக்கு நீ நம்ம பொண்ணு பெருமையைப் பாட ஆரம்பிச்சே, நான் மனுஷியா இருக்க மாட்டேன் ட்ரெவர்!"

கெல்சி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். ட்ரெவர் மகளின் புதுச் சட்டைக் கழுத்தில் தைத்திருந்த துணிச்சீட்டை, ஒரு நூல்கூட உறுத்தாதபடி பிரித்து மேஜைமேல் வைத்தான்.

ஏழு வயது டெஸ்ஸாவுக்கு ஆட்டிசம் என்று டாக்டர் எழுதித் தரவே இரண்டு வருஷம் காத்திருந்தார்கள். அந்தச் சான்று இருந்தால் பள்ளி விட்டு வந்த பிறகு கூட இருக்க அரசாங்கமே ஓர் ஆளை அனுப்பும். போன வருஷம் அதற்காக அரசாங்க அலுவலகத்திலிருந்து போனில் விசாரித்தார்கள். "அவளா? தங்கம்! எல்லாம் அவளே பார்த்துக்குவா" என்று அளந்துவிட்டான் இந்தப் புண்ணியவான். மனு தள்ளுபடி. இதுவரை வீட்டோடு இருந்த அவன் அடுத்த மாதம் லாரி ஓட்டக் கிளம்பிவிடுவான். இந்தத் தடவை அதிகாரி வீட்டுக்கே வந்து பார்க்கப்போகிறார்; இப்போதும் கிடைக்கவில்லையென்றால் கெல்சி நர்ஸ் வேலையை விட வேண்டியதுதான்.

"ரொம்ப மோசமான நாள் எப்படி இருக்கும்னுதான் சொல்லணும். புரியுதா?"

"பெத்த பொண்ணைப் பத்தி முன்னபின்ன தெரியாதவங்ககிட்ட அப்படிச் சொல்ல எனக்கு நாக்கு வரலை கெல்ஸ்."

"அப்ப வாயைப் பொத்திக்கிட்டு அடுப்படியில இரு!"

வின்னிபெக் நகரத்திலிருந்து வந்த அதிகாரி ஹால்வர்சன் அம்மாள், அழைப்பு மணிமேல் ஒட்டியிருந்த 'மெதுவாகத் தட்டவும்' என்ற தாளைப் படித்துவிட்டு, விரலால் தட்டினார். பனி ஒட்டிய பூட்ஸைக் கழற்றிவிட்டு வந்தார். ட்ரெவர் நாற்காலியை இழுத்துப் போட்டான். அதன் கால்களில் டென்னிஸ் பந்து செருகியிருந்ததால் சத்தமே இல்லை.

டெஸ்ஸா தரையில் படுத்து ரயில் பெட்டிகளை நிறவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு சமர்த்து. இன்றைக்கா இவள் இப்படி இருக்க வேண்டும் என்று நினைத்தாள் கெல்சி.

"சத்தம் கேட்டா என்ன செய்வா?" அதிகாரி கேட்டார்.

"காதைப் பொத்திக்கிட்டு அலறுவா மேடம். ஒரு மணி நேரம் ஆனாலும்..."

"அதெல்லாம் வீட்ல எப்பவாவதுதான் மேடம்!" அடுப்படியிலிருந்து குரல் வந்தது. மைக்ரோவேவ் கீச்சிடுவதற்கு ஒரு விநாடி முன்னால் பாய்ந்து நிறுத்தினான் ட்ரெவர்.

"சாப்பாடு?"

"தகராறே கிடையாது!" மக்ரோனி ஒரு கிண்ணம், பட்டாணி ஒரு கிண்ணம், ஒன்றோடொன்று இடிக்காதபடி மகள் முன்னால் வைத்தான். "பாருங்க, மிச்சமே வைக்க மாட்டா."

"கடைக்குக் கூட்டிட்டுப் போவீங்களா?"

"ஜம்முனு வருவா! காலையில ஏழு மணிக்குப் போயிடுவோம். கூட்டம் இருக்காது, பாட்டும் போட மாட்டாங்க."

போச்சு, எல்லாம் போச்சு என்று கெல்சி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"சரி, கூட இருக்க ஒரு ஆள் எத்தனை மணி நேரம் வேணும்னு நினைக்கிறீங்க?"

"ஆள் எதுக்கு மேடம்? அவ பாட்டுக்கு இருப்பா."

கெல்சிக்கு அழுகையே வந்துவிட்டது. "ஐயோ, இவர் சொல்றதை எழுதிடாதீங்க மேடம்!"

"எழுதலையே" என்ற ஹால்வர்சன் அம்மாள் தாளைத் திருப்பிக் காட்டினார். இரண்டு பக்கம் நிறைந்திருந்தது. அழைப்பு மணி, துணிச்சீட்டு, டென்னிஸ் பந்து, மைக்ரோவேவ், கிண்ணங்கள், ஏழு மணிக் கடை. அடியில், இருப்பதிலேயே அதிகமான நேரத்துக்கு நேராக ஒரு டிக்.

"இவர் லாரி ஏறினதும் அந்த இடத்துக்கு ஆள் வேணும்ல?" என்றார் அவர். "இத்தனை நாளா முழுநேரமும் அந்த வேலையைப் பார்த்தது இவர்தான், அது இவருக்குத்தான் தெரியலை."