திருத்தியவர் பெயர்

மூன்றாவது முறையாக அவள் கணினியில் பெயரை மாற்றினாள். மூன்றாவது முறையாக அது கணவரின் பெயருக்கே திரும்பிப் போய் நின்றது.

கு. தெய்வநாயகம்.

பக்கத்தின் ஓரத்தில் அவள் போட்ட ஒவ்வொரு திருத்தத்தின் தலையிலும் அதே பெயர். விட்டுப்போன ஒற்றெழுத்தைச் சேர்த்தவர் தெய்வநாயகம். ஒரே பத்தியில் மூன்று 'ஆனால்' வந்ததைப் பிடித்தவர் தெய்வநாயகம். நாலாம் பக்கத்தில் செத்துப்போன மாமா பதினேழாம் பக்கத்தில் காபி குடிப்பதைக் கண்டுபிடித்தவரும் சாட்சாத் தெய்வநாயகமேதான்.

அவர் பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். நாளிதழில் வானிலையையும் இரங்கல் விளம்பரத்தையும் தவிர வேறெதையும் முழுதாகப் படித்ததில்லை.

மடிக்கணினியை வாங்கியவர் அவர். முதல் நாள், எழுதும் மென்பொருள் பெயர் கேட்டபோது தன் பெயரைக் கொடுத்தவரும் அவர்.

அவ்வளவுதான் இந்த வேலைக்கும் அவருக்கும் உள்ள சம்பந்தம்.

ஆறு வருடமாக அவள் சென்னைப் பதிப்பகம் ஒன்றுக்கு மெய்ப்பு பார்க்கிறாள். ஆறு வருடமாக அதன் மேலாளர் உலகநாதன் கணவருக்குத்தான் போன் செய்கிறார். ஒருமுறை அவளே பேசி, திருத்துவது நான்தான் என்று சொல்லியும் பார்த்தாள். சாருக்கு நீங்களும் கூடமாட ஒத்தாசை பண்றீங்களாம்மா என்று அவர் மனதாரச் சந்தோஷப்பட்டார்.

போன வாரமும் போன் வந்தது. கூடத்தில் கணவர் பேசுவது அடுப்படி வரைக்கும் கேட்டது.

"ஏதோ, நம்மால ஆனது சார்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் போனை வைத்ததும் போய்க் கேட்டாள். அவர் அசரவில்லை.

"யார் பேர்ல இருந்தா என்ன? வீட்டுக்குள்ளதான இருக்கு."

அந்த போன் வந்ததே ஒரு வேலைக்காக. பதிப்பகத்துக்கு முழுநேர உதவி ஆசிரியர் வேண்டுமாம். இந்த நாவலின் முதல் இருபத்திரண்டு பக்கத் திருத்தத்தை வைத்து ஆளை முடிவு செய்வார்களாம். இன்று மதியத்துக்குள் அனுப்ப வேண்டும்.

அவளுக்கு அந்த வேலை வேண்டும்.

தன் பெயரில் வேண்டும்.

மென்பொருளின் அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடி, திறந்து மூடி, கடைசியில் ஒரு மூலையில் அந்த வரியைப் பார்த்தாள். எல்லாவற்றையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோகும் வரி.

சொடுக்கினாள்.

நிச்சயமாகவா என்று கேட்டது. பின்னே, விளையாட்டுக்கா?

நீங்கள் சேர்த்த சொற்கள் உட்பட அனைத்தும் அழியும் என்றது.

கை நின்றுவிட்டது.

அந்த மென்பொருளுக்குத் தெரிந்த தமிழ் அரைகுறை. நல்ல சொல்லுக்குக் கீழேயும் கூசாமல் சிவப்புக் கோடு போடும். இது சரி, இதுவும் சரிதான் என்று ஆறு வருடமாக அதனிடம் மல்லுக்கட்டி அவள் சேர்த்துவைத்திருப்பது நாலாயிரத்துச் சொச்சம் சொற்கள். நுங்கு. கொடுக்காப்புளி. ஓரகத்தி. எத்தனை நாவல், எத்தனை ஊர்ப் பேச்சு. பிள்ளைக்குச் சோறூட்டுவதுபோல் ஒவ்வொன்றாக ஊட்டியது.



அதுவும் அவர் பெயரில்தானே இருக்கிறது.

சொடுக்கினாள்.

திரை வெளுத்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, யாரென்றே தெரியாத மாதிரி, பெயர் என்ன என்று கேட்டது.

மங்கையர்க்கரசி. ஒரு எழுத்தும் விடாமல் நிதானமாக அடித்தாள்.

இனிஷியல்?

கல்யாணம் வரைக்கும் அப்பாவின் சி. அதற்குப் பிறகு கணவரின் தெ. பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று. இரண்டையும் ஒத்துப்போக வைக்க அவள் ஏறி இறங்கிய அலுவலகங்கள் கொஞ்சமில்லை.

தன் பெயரின் 'ம' என்றே போட்டாள்.

மென்பொருள் மறுபேச்சுப் பேசவில்லை.

நாவலைத் திறந்தாள். பக்கமெல்லாம் சிவப்புக் கோடு. எரிச்சலில் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். பழைய திருத்தங்கள் அவர் பெயரிலேயே கிடந்தன. எல்லாவற்றையும் அழித்தாள். முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டாள். குளிக்கவில்லை. ரசம் வைக்கவில்லை. மாமாவின் காபியை மறுபடி பிடுங்கினாள்.

பன்னிரண்டரைக்கு அனுப்பினாள்.

அனுப்பிய பிறகும் மூட மனம் வரவில்லை. மேலும் கீழும் உருட்டி உருட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு திருத்தத்திலும் அவள் பெயர். அத்தனை சந்தோஷமாக இருந்தது அவளுக்கு.

ஒன்றேகாலுக்குப் பதில் வந்தது.

வணக்கம். இந்த முறை யாரோ புதியவர் திருத்தியிருப்பதாகத் தெரிகிறது. நன்றாகவே செய்திருக்கிறார். இருந்தாலும் வேலை விஷயம் என்பதால், சார் ஒருமுறை பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டால் எங்களுக்கு நிம்மதி. உலகநாதன்.

இரண்டு முறை படித்தாள்.

கத்தலாம்போல் இருந்தது.

கூடத்துக்குப் போனாள். சாப்பாட்டுக்குக் காத்திருந்தவரை எழுப்பிக் கூட்டிவந்து கணினியின் முன்னால் உட்கார வைத்தாள். பதிலைக் காட்டினாள். நாவலையும் திறந்து வைத்தாள்.

அவர் முதல் பக்கத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தச் சிவப்புக் காட்டுக்குள் எது தப்பு, எது சரி என்று அவருக்குப் பிடிபடவில்லை. நெற்றியைத் தடவினார்.

"எனக்கென்ன தெரியும் இதுல?"

"அதை அப்படியே எழுதி அவருக்கு அனுப்புங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் நாற்காலிக்குப் பின்னாலிருந்து நகரவில்லை.

விசைப்பலகை மேல் ஒரு விரலை நீட்டினார். 'எ' எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

காட்டினாள்.