ஜப்பானுக்கு ஒரு சாம்பிள்

"ஜப்பான் சர்டிபிகேட் வந்துடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே நுழைந்தார், ஷென்ஜென் பவர் பேங்க் ஃபேக்டரி முதலாளி ஃபாங்.

"ஃபெயில் முதலாளி. டெஸ்ட்ல நம்ம சாம்பிள் தீப்பிடிச்சிருச்சாம்," என்றாள் மேனேஜர் மிங்ஷியா.

"உளறாதே! சான்ஸே இல்லை!"

"நம்ம சரக்கோட லட்சணம் உங்களுக்குத் தெரியாதா?"

"நம்ம சரக்கை எந்த முட்டாள் அனுப்புவான்? எதிர் ஃபேக்டரி லுவோ போன மாசம்தானே பாஸானான்? கடையில அவன் சரக்கை வாங்கி, மேலே நம்ம லேபிளை ஒட்டி அனுப்பினேன்!"

"லேப்ல கண்டுபிடிச்சுட்டாங்க. நம்ம லேபிளை உரிச்சா, கீழே லுவோ லேபிள்."

"அப்போ மாட்டினது லுவோதானே!" முதலாளி தொடையைத் தட்டிச் சிரித்தார்.

மிங்ஷியா சிரிக்கவில்லை.

"லுவோ லேபிளையும் உரிச்சுப் பார்த்திருக்காங்க முதலாளி. அதுக்குக் கீழே மறுபடியும் நம்ம லேபிள்!"