வெள்ளை எது?

"எங்க பிள்ளைங்கள ஐஸ் பெட்டிக்குள்ள உட்கார வெச்சாம்மா படம் எடுத்த?"

போனில் தலைமையாசிரியை. கோபம் வந்தால் அவர் குரலை உயர்த்த மாட்டார், தாழ்த்துவார். புகைப்படக்காரி பயந்தது அதற்குத்தான். ஆண்டு மலருக்கான படங்களை அனுப்பி அரை மணிகூட ஆகவில்லை. அத்தனை பிள்ளைகளும் நீலம் பாரித்துப்போய் இருக்கிறார்களாம். மூன்று மணிக்கு மலர் அச்சகம் போயாக வேண்டும். முடியாதென்றால் இப்போதே சொல்லிவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வாராம்.

ஆறு வருஷமாக அவள் கையைவிட்டுப் போகாத பள்ளிக்கூடம். மணி பன்னிரண்டே கால்.

கணினிக்கு முன் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். நிறம் பார்க்கிற அறையில் வெளிச்சம் ஆகாது என்று ஜன்னல் திரை எப்போதும் மூடியே இருக்கும். அந்த அரை இருட்டில், பின்னால் சோபாவில், கண்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார் அவள் கணவர்.

"ஏங்க, படமெல்லாம் நீலமா இருக்காம்."

"ம்."

"உங்களுக்கென்ன, படுத்துக்கிட்டே ம் கொட்டலாம்."

நாலு நாளாக அவர் இப்படித்தான். அசதியாம், சாப்பாடு பிடிக்கவில்லையாம். முந்தாநாள் பள்ளி மைதானத்தில் கேமரா தாங்கியைத் தூக்கச் சொன்னபோதும் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். வேலை என்றாலே நோகிற உடம்பு என்று நாத்தனாரிடம் போனில் சொல்லிச் சிரித்திருந்தாள்.

அவள் வேலை செய்கிற முறை எளிது. இணையத்தில் ஒரு பக்கம் உண்டு. பிரவுசரில் அதைத் திறந்து, கறுப்பில் தொடங்கி வெள்ளை வரைக்கும் நாலைந்து நிறங்களை வரிசையாக வைத்தால், ஒன்றோடொன்று கரைந்து ஒரு நிறப்பட்டை உண்டாகும். அந்தப் பட்டையை அது ஒரு ப்ரீசெட்டாக, அதாவது தயார் நிற அமைப்பாக, மாற்றிக் கொடுக்கும். ப்ரீசெட்டைப் போட்டால் நானூறு படமும் ஒரே சாயலுக்கு வந்துவிடும். பட்டை சரியாக இருக்கிறதா என்று பார்க்க, மற்றவர்கள் சாம்பல் நிற அட்டை ஒன்றை வைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். இவளுக்குக் கணவர்தான் அட்டை. எங்கே போனாலும் முதல் படம் அவருடையது. அவர் கண்ணின் வெள்ளை, திரையில் பளிச்சென்று வெள்ளையாகும் வரை பட்டையின் நிறங்களை அப்படியும் இப்படியும் நகர்த்துவாள். ஆறு வருஷத்தில் ஒருநாளும் பிசகியதில்லை.

இந்த முறையும் அதையேதான் செய்தாள். பட்டையின் வெளிச்ச முனையில் வழக்கத்தைவிட நிறைய நீலம் சேர்க்க வேண்டியிருந்தது. அவ்வளவுதான். பிசகாத முறை என்பதால் மற்ற படங்களைத் திறந்துகூடப் பார்க்காமல் அனுப்பிவிட்டாள்.

பழைய பட்டையை அழித்துவிட்டுப் புதிதாகச் செய்தாள். பிள்ளைகள் நீலம். கணினியை அணைத்துப் போட்டாள். நீலம். பக்கத்து வீட்டு மடிக்கணினியை வாங்கி வந்து பார்த்தாள். அதிலும் நீலம். அந்த இணையப் பக்கத்தை நடத்துகிறவனை, அவன் எந்த ஊரோ தெரியாது, வாய்க்கு வந்தபடி திட்டினாள்.

"இதுல ஒரு கூத்தப் பாருங்க. நானூறு பேர்ல உங்க மூஞ்சி ஒண்ணுதான் பிரமாதமா வந்திருக்கு."

"மாடல் அப்படி," என்றார் துண்டுக்கு அடியிலிருந்து.

"ஆமா, பெரிய மாடல். எழுந்து ஒரு வாய் தண்ணியாவது குடிங்க."

மணி இரண்டேகால் ஆனது. தலைமையாசிரியையின் இரண்டு அழைப்புகளை எடுக்காமல் விட்டாள். பிறகு, வேறு வழி தெரியாமல், ஆறு வருஷ வழக்கத்தைத் தூக்கிப் போட்டாள். ஒன்றாம் வகுப்புப் படத்தில் முன்வரிசையில் ஒரு சுட்டிப்பெண், கேமராவையே விழுங்குவதுபோல் கண்ணை அகல விரித்திருந்தாள். அந்தக் கண்ணின் வெள்ளையைப் பார்த்துப் பார்த்துப் பட்டையை நகர்த்தினாள். நீலம் ஏறக்குறைய முழுவதும் கழன்றுவிட்டது. ப்ரீசெட்டை இறக்கி, மொத்தப் படங்களுக்கும் போட்டாள்.

பிள்ளைகள் பிள்ளைகளாக வந்தார்கள். கன்னம் கன்னமாக, சீருடை சீருடையாக.

அனுப்பிய ஐந்தாவது நிமிஷம் போன் அடித்தது. "இப்பத்தாம்மா எங்க பிள்ளைங்க," என்றார் தலைமையாசிரியை, இந்தத் தடவை நல்ல உரத்த குரலில். அடுத்த வருஷமும் நீதான் என்று அவர் சொன்னதும் அவளுக்கு உயிர் வந்தது.

நாற்காலியில் சாய்ந்தாள். இனி அவரைக் கொஞ்சம் சீண்டலாம் என்று தோன்றியது.

"ஏங்க, உங்க கண்ணு காலை வாரிடுச்சு. ஆறு வயசுக் குட்டிதான் காப்பாத்துனா. மாடல் வேலை போச்சு."

சிரித்துக்கொண்டே, புது ப்ரீசெட்டில் மாடல் எப்படி வந்திருக்கிறார் என்று பார்க்க முதல் படத்தைத் திறந்தாள்.

சிரிப்பு நின்றது. நாற்காலி பின்னால் சாய, எழுந்து போய் ஜன்னல் திரையை ஒரே இழுப்பாக இழுத்தாள். வெயில் அறைக்குள் கொட்டியது. அவர் முகத்திலிருந்து துண்டை எடுத்து, கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தாள்.

"கிளம்புங்க, ஆஸ்பத்திரிக்கு."

"எதுக்கு? அதான் படம் சரியாயிடுச்சுன்னியே?" என்று வெளிச்சம் தாங்காமல் சிமிட்டிய அவருடைய கண்களில், திரையில் இருந்த அதே மஞ்சள் இருந்தது.