ரெண்டே வாரம்

"தொட்டில் மாட்ட ஒரு கொக்கி கிடைக்குமா சார்?" அகதிகள் முகாமுக்கு அன்று காலைதான் கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தவள் கேட்டாள்.

கம்பளி கொடுத்துக்கொண்டிருந்தவர் பெரிய அதிகாரி தோரணையில் சிரித்தார்.

"கொக்கி எதுக்கும்மா? இது போற வழி. ரெண்டே வாரத்துல விசா வந்துடும், மூட்டையைக் கட்டிடுவீங்க. இங்க போய் யாராவது குடித்தனம் பண்ணுவாங்களா?"

அதற்குள் அவர் மனைவி பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, நாம இங்க வந்த புதுசுல பொண்ணுக்கு மாட்டின கொக்கி துருப்பிடிச்சுப் போச்சு. இப்ப அவ பெத்த நம்ம பேரப்புள்ளைய எதுல போடறது? புதுசு வாங்கிட்டு வாங்க."

அவர் அசடு வழிந்தார். "எங்க விசா கொஞ்சம் நடந்து வருதும்மா..."

"பரவாயில்ல சார்," என்றாள் வந்தவள். "கடைக்குப் போறப்ப ரெண்டு கொக்கியா வாங்கிடுங்க."