பொது வண்டி

"ஏ வண்டி, உன்னைக் கடைசியா ஓட்டுன ஆளு என்ன பாடு படுத்துனாருன்னு கேட்டுச் சொல்லு."

தளவாய் டிராக்டரின் பானெட்டைப் பார்த்துத்தான் சொன்னார். பதில் சொல்ல வேண்டிய ஆள் பின்சக்கரத்துக்கு அந்தப் பக்கம் நின்றான். அவருடைய தம்பி சுடலைராஜ்.

"ஏ வண்டி, நான் உன்னைப் பூப்போலதான் ஓட்டுனேன். நேத்து ஓட்டுன ஆளைக் கேளு" என்றான் அவன், மட்கார்டிடம்.

மெக்கானிக் மசூது தலையில் அடித்துக்கொண்டான். கடையநல்லூரிலிருந்து இலஞ்சி வரைக்கும் சாரலில் நனைந்துகொண்டு பைக்கில் வந்திருக்கிறான். இந்த மாதத்தில் இது நாலாவது தடவை.

"மூணு வருசமா வண்டிகிட்டயே பேசுதீங்க. அதுக்கு மட்டும் வாய் இருந்தா உங்க ரெண்டு பேரையும் ஏசிப்போடும்."

விஷயம் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் சொந்தபந்தத்தில் இதைவிடப் பெரிய விஷயமும் கிடையாது. தளவாயின் மகள் நிர்மலாதேவியின் கல்யாணப் பத்திரிகையில் சித்தப்பா பெயர் விட்டுப்போனது. அச்சடித்தவன் செய்த தப்பு, தளவாயும் கவனிக்கவில்லை. ஒன்றுவிட்ட, ரெண்டுவிட்ட ஆட்கள் பெயரெல்லாம் வரிசையாக இருக்க, கூடப்பிறந்தவன் பெயர் இல்லையென்றால் எவனுக்குத்தான் பொறுக்கும்? சுடலைராஜ் கல்யாணத்துக்கு வரவில்லை. வராதவனோடு தளவாய் பேசவில்லை.

வீடு, வயல், கிணற்றுத் தண்ணீர் எல்லாவற்றையும் பிரித்தாயிற்று. அப்பா வாங்கிய டிராக்டரை மட்டும் வெட்டிப் பங்கு போட முடியவில்லை. அது களத்தில் நிற்கும், ஒரு நாள் அண்ணன் எடுப்பார், மறுநாள் தம்பி எடுப்பான்.

மசூது இதற்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தான். பொது வண்டி என்றால் பங்காளிகள் ரெண்டு பேரும் பக்கத்தில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்பேனரைத் தொடமாட்டான். பின்னால் எவனிடமும் பேச்சு வாங்க அவனுக்கு ஆசையில்லை.

குனிந்து பார்த்தவன் உதட்டைப் பிதுக்கினான். "டீசல் லைன்ல காத்து ஏறிட்டு. அதான் பாதி வயல்ல நின்னுருக்கு. அண்ணாச்சிமாரே, நான் ஒண்ணு சொல்லுதேன் கேளுங்க. இது இனி சரிப்படாது. வித்துட்டு ஆளுக்கு ஒரு வண்டி வாங்கிக்கிடுங்க. ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்க வேண்டாம், எனக்கும் நிம்மதி."

தளவாய் வேட்டியை மடித்துக் கட்டினார். அது ஏற்கெனவே மடித்துத்தான் கட்டியிருந்தது. இந்த வண்டியும் போய்விட்டால் ரெண்டு பேரும் ஒரே இடத்தில் நிற்பதற்கு வேறு சாக்கே இல்லை. அது அங்கே நின்ற மூன்று பேருக்கும் தெரியும்.

"ஏ வண்டி, உன்னை விக்க நான் சம்மதிக்க மாட்டேன்" என்றார் தளவாய்.

"ஏ வண்டி, நானுந்தான்" என்றான் சுடலைராஜ்.

"அப்ப வேலைக்கு வாங்க" என்ற மசூது, டீசல் லைனில் மேலும் கீழுமாக லூசாக இருந்த இரண்டு நட்டுகளை முறுக்கினான். "நான் கைப்பம்பு அடிக்கேன். பெரியண்ணாச்சி, இந்தக் குழாய் நட்டைத் திறந்து பிடிங்க. நுரை நின்னு டீசல் வந்ததும் மூடணும். சின்னண்ணாச்சி, நீங்க மேல ஏறி செல்ஃப் அடிங்க."

சாவியைத் திருப்பியதும் செல்ஃப் மோட்டார் கத்தியது, இஞ்சின் பிடிக்கவில்லை. அந்தச் சத்தத்தில் வண்டியிடம் சொல்லி அனுப்புவதெல்லாம் நடக்கிற காரியமா?

"அடி" என்று தம்பியைப் பார்த்தே கத்தினார் தளவாய். "இன்னும் அடி. போதும், நிறுத்துலே."

நிறுத்துவதற்குள் டீசல் பீய்ச்சி அவர் கண்ணில் அடித்தது.

"அண்ணே."

சுடலைராஜ் சீட்டிலிருந்து எப்படிக் குதித்தான் என்று அவனுக்கே தெரியாது. பக்கத்து வாய்க்கால் தண்ணீரைக் கையில் அள்ளி அண்ணன் கண்ணைக் கழுவினான். தன் துண்டால் துடைத்துவிட்டான். "எரியுதா? முழிச்சுப் பாருங்க. நான் தெரியுதேனா?"

"தெரியுத, தெரியுத" என்றார் தளவாய். "என்னலே, இப்படி மெலிஞ்சு போய்ட்ட?"

அப்புறம் அடித்த செல்ஃபில் வண்டி கரும்புகையைத் தள்ளிக்கொண்டு கிளம்பியது. அதற்கு மேலும் அதனிடம் பேச யாருக்கும் நேரமில்லை.

"உழவை முடிச்சிட்டு வீட்டுக்கு வா. உங்க மைனி ஆப்பத்துக்கு மாவு ஆட்டி வச்சிருக்கா."

"வாரேன்ணே. வீட்டுக்காரியையும் கூட்டிட்டு வாரேன்."

தளவாய் மறுபடி முகம் கழுவ வாய்க்காலுக்கு இறங்கினார். அந்த இடைவெளியில் சுடலைராஜ் சீட்டிலிருந்து குனிந்து மசூதின் காதில் ஏதோ சொன்னான். மசூதுக்குப் புரை ஏறியது. வண்டி மீதி வயலை உழப் போய்விட்டது.

தளவாய் திரும்பி வந்தார். கண் சிவந்திருந்தது, டீசலால் மட்டும் என்று சொல்ல முடியாது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மசூதின் தோளில் கை போட்டார்.

"உங்கிட்ட மறைக்கக் கூடாது மசூது. நேத்து களத்துல விட்டுட்டு வரும்போது, அந்த மேல் நட்டை நான்தான் கொஞ்சம் கழட்டி விட்டேன். போன தடவையும் நான்தான். நீ வந்தாத்தானப்பா அவன் வந்து பக்கத்துல நிக்கான். அவன் மூஞ்சியைப் பாக்க எனக்கு வேற வழி தெரியல. அவன்கிட்ட மட்டும் சொல்லிராத."

மசூது ஸ்பேனரைத் துடைத்துப் பைக்குள் போட்டான்.

"சின்னண்ணாச்சியும் இப்ப இதையேதான் சொல்லிட்டுப் போறாரு, கீழ் நட்டு அவரு கழட்டுனதாம், உங்ககிட்ட சொல்லிரக் கூடாதாம்."